ஃபோர்ட்வென்டி என்றொரு வசை

2019 மழைக்காலத்தில் ஒரு நாள் சித்தப்பாவுடன் காவல் நிலைய வாசலில் நின்றிருந்தேன். வீட்டுமனைக்காக மாதம் இரண்டாயிரம் வீதம் ஆறு வருடம் தவணை கட்டியிருந்தார். பத்திரம் பதியப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. அவர் முதல் தவணை கட்டுவதற்கு முன்பே அந்த மனை வேறொருவருக்குக் கிரயமாகியிருந்தது. நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடைத் திண்ணையில் மனு எழுதிக் கொடுக்கிற பெரியவர் ஒருவர் இருந்தார். சித்தப்பா எழுதி வைத்திருந்த தாளை வாங்கிப் படித்தார். 'பணத்தைத் திருப்பித் தரவில்லை' என்ற வரியைப் பேனாவால் தட்டினார்.

"இப்படி எழுதினா சிவில் மேட்டர்னு திருப்பி அனுப்பிடுவாங்க சார். 'ஆரம்பத்திலிருந்தே ஏமாற்றும் எண்ணத்துடன் ஆசை வார்த்தை கூறி'ன்னு எழுதணும். அப்பத்தான் ஃபோர்ட்வென்டி நிக்கும்."

அவர் சொன்னபடியே எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தோம். உள்ளே இருந்தவர் படித்து முடித்ததும் கேட்டார்: "ஆறு வருஷமா ஒரு வில்லங்கம் போட்டுப் பாக்காம என்ன பண்ணிட்டிருந்தீங்க?" சி.எஸ்.ஆர். ரசீதை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். சித்தி கேட்டதும் அதே கேள்விதான், மரியாதை மட்டும் கொஞ்சம் குறைவு. சித்தப்பா பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். அரை டிக்கெட்டுக்கு வயதைக் குறைத்துச் சொல்லிக்கூட யாரும் அவரிடம் தப்பியதில்லை என்று பெயர். மறுநாள் டீக்கடையில் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "கண்டக்டருக்கே நாமமா!"

நடந்தது ஒன்று. அதற்குக் காதில் விழுந்த சொற்கள் இரண்டு. நாமம் என்ற சொல் சித்தப்பாவைப் பற்றியது. ஃபோர்ட்வென்டி அவரை ஏமாற்றியவனைப் பற்றியது. பணத்தைச் சுருட்டியவன் பெயர் அந்த டீக்கடையில் யார் வாயிலும் வரவில்லை என்பதைப் பிறகு யோசித்தபோதுதான் கவனித்தேன். அன்றிலிருந்து மோசடிக்குத் தமிழில் புழங்கும் கொச்சைச் சொற்களைச் சேர்க்க ஆரம்பித்தேன். சேரச் சேர அந்தப் பட்டியல் ஓர் உடம்பின் வடிவம் எடுத்தது.

நாமம் போடுவது நெற்றியில். மொட்டை அடிப்பது தலையில். மிளகாய் அரைப்பதும் அங்கேதான், குல்லாய் போடுவதும் அங்கேதான். பூச்சுற்றுவது காதில், குத்துவதும் காதில். மண்ணைத் தூவுவது கண்ணில். அல்வா கையில். நம்பவைத்து அறுப்பது கழுத்தை. ஏமாந்தவனுடைய உச்சி முதல் கழுத்து வரை தமிழ் ஓர் இடம் விடவில்லை. ஏமாற்றியவன் உடம்பில் ஒரு கீறல் கிடையாது.

நாமத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். வைணவர் ஒருவர் காலையில் குளித்துவிட்டு நெற்றியில் 'நாமம் போட்டுக்கொள்கிறார்'. அதே நாமத்தை இன்னொருவன் எனக்கு 'போட்டுவிட்டால்' என் பணம் போய்விட்டது என்று பொருள். 'கொள்' என்கிற துணைவினை விழுந்த இடத்தில் பக்தி மோசடியாகிவிடுகிறது. மொட்டையும் அப்படித்தான். போட்டுக்கொண்டால் வேண்டுதல், பிறர் அடித்துவிட்டால் நஷ்டம். இதில் அளவுக் கணக்கும் உண்டு. சில்லறைக் கைமாற்று போனால் நாமம், பெரிய தொகை போனால் பட்டை நாமம். வாயால் சொல்லச் சங்கடமான இடத்தில் மூன்று விரலைப் புருவத்துக்கு நடுவிலிருந்து மேல்நோக்கி இழுத்துக் காட்டினால் போதும். போன பணத்தை வழியனுப்பக் 'கோவிந்தா' வேறு இருக்கிறது. நாமம், மொட்டை, கோவிந்தா மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் திருப்பதி போய்வந்தவனின் கோலம் கண்முன் நிற்கும். போனவன் விரும்பிப் போகவில்லை என்பதுதான் நகைச்சுவை.

இந்தச் சொற்களின் வேற்றுமை உருபையும் பாருங்கள். எனக்கு அல்வா கொடுத்தான், எனக்கு டிமிக்கி கொடுத்தான், எனக்கு நாமம் போட்டான், எனக்குக் குல்லாய் போட்டான், எனக்குத் தண்ணி காட்டினான். எல்லாவற்றிலும் 'கு' உருபு, நான்காம் வேற்றுமை. நன்னூல் அந்த வேற்றுமையின் பொருள்களை அடுக்கும்போது முதலில் வைப்பது கொடையை, அதற்கு அடுத்து வைப்பது பகையை. நாமம் போடுகிறவனிடம் இரண்டுமே உண்டு. உண்மையில் அவன் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். மொழியோ அவன் எனக்கு ஏதோ கொடுத்துவிட்டுப் போனதாகச் சொல்கிறது.

காது குத்தலும் மொட்டையும் இன்னொரு பக்கம் இழுக்கின்றன. குலதெய்வக் கோயிலில் தாய்மாமன் மடியில் உட்காரவைத்து, கையில் ஒரு தின்பண்டத்தைக் கொடுத்து, அது என்ன ஏது என்று பார்ப்பதற்குள் தலையை வழித்துக் காதைக் குத்திவிடுவார்கள். பிள்ளை வீறிட்டு அழும்போது வேலை முடிந்திருக்கும். சுற்றியிருக்கும் சொந்தமெல்லாம் சிரித்துக்கொண்டிருக்கும். மோசடியைப் பற்றிய நம் கொச்சை மொழி இந்தக் காட்சிக்குள்தான் நடக்கிறது என்பது என் எண்ணம். ஏமாந்தவன் அந்த மடியில் உட்கார்ந்த பிள்ளை. அதனால்தான் ஏமாற மறுப்பவன், "எனக்குக் காது குத்தி நாப்பது வருஷமாச்சு, வேற ஆளைப் பாரு" என்கிறான். நான் சின்னப் பிள்ளை இல்லை என்பதே அந்தப் பதிலின் சாரம். தின்பண்டத்தின் இடத்தில் அல்வாவை வைத்தால் காட்சி முழுமையாகிவிடும். 1994-இல் வந்த 'அமைதிப்படை'யில் சத்யராஜ் கொடுத்த அல்வா இந்தச் சொல்லைப் பட்டிதொட்டியெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்தது. திருநெல்வேலிக்காரர்களுக்கு இதில் வருத்தம் இருந்தால் அது நியாயமானதே.

கொச்சையை விட்டுவிட்டுப் பொதுத் தமிழுக்கு வந்தாலும் சாய்வு மாறவில்லை. ஏமாறு என்பது தன்வினை, ஏமாற்று என்பது பிறவினை. மாறு, மாற்று போல. தேறு, தேற்று போல. ஏமாறுவதுதான் அடிப்படை வினை. ஏமாற்றுவது அதிலிருந்து ஒரு 'ற்' சேர்த்துப் பெற்றது. ஏமாந்தவனுக்கு ஏமாளி என்று கச்சிதமான பெயர் இருக்கிறது. ஏமாற்றியவனைச் சொல்ல 'காரன்' ஒட்டி நீட்டி முழக்க வேண்டியிருக்கிறது.

மோசம் செய்பவனுக்குத் தமிழில் பெயரே இல்லை என்று சொல்ல வரவில்லை. எத்தன், புரட்டன், பித்தலாட்டக்காரன், தில்லுமுல்லுக்காரன் என்று நிறையவே இருக்கிறார்கள். ஆனால் எத்தன் என்று சொல்லும்போது குரலில் ஒரு சிறு வியப்பு எட்டிப்பார்க்கிறதா இல்லையா? 'எத்தனுக்கு எத்தன்' என்பது கிட்டத்தட்டப் பாராட்டு. கில்லாடி முழுப் பாராட்டாகவே ஆகிவிட்டான். இன்று நன்றாகச் சமைக்கிறவரும் கில்லாடி, கணக்கில் நூறு வாங்குகிற பெண்ணும் கில்லாடி. பலே ஆள், பெரிய ஆள் என்பவையும் அதே ரகம். ஏமாந்தவனுக்குச் சிரிப்பு, ஏமாற்றியவனுக்கு அரை மார்க் வியப்பு என்பதுதான் நம் தெருவின் தீர்ப்பாக இருந்திருக்கிறது. வியப்பின் வாடையே இல்லாமல் ஏமாற்றியவனை நோக்கி விரல் நீட்டுகிற கொச்சைச் சொல் என்று என் பட்டியலில் மிஞ்சியது ஒன்றே ஒன்று. அது தமிழ்ச் சொல் அன்று. சொல்கூட அன்று, ஓர் எண்.

நம் தெருவை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை. இங்கிலாந்தின் நீதிமன்றமே வெகுகாலம் அப்படித்தான் இருந்தது. 1703-இல் ஒரு வழக்கு. இன்னார் அனுப்பினார் என்று பொய் சொல்லி ஒருவன் வேறொருவரிடம் பணம் வாங்கிக்கொண்டு போய்விட்டான். தலைமை நீதிபதி ஹோல்ட், ஒருவன் இன்னொருவனை முட்டாளாக்கினான் என்பதற்காக அவன்மேல் குற்றவழக்குப் போட முடியுமா என்று கேட்டார். பொய்த் தராசு, பொய் முத்திரை என்று ஊரையே ஏமாற்றினால்தான் அப்போது குற்றம். தனியாள் ஒருவர் வாய்ச்சொல்லை நம்பிக் கொடுத்துவிட்டால் அது அவர் பாடு. "வில்லங்கம் போட்டுப் பாக்கலையா?" என்ற கேள்விக்கு வயது முந்நூறுக்கு மேல். பொய் சொல்லிப் பொருள் பெறுவதைப் பொதுவாகவே குற்றமாக்க 1757-இல் நாடாளுமன்றம் தனிச்சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. அதிலும் ஓர் ஓட்டை. இருக்கிற ஒன்றைப் பற்றிய பொய்தான் அதில் சிக்கும். 'அடுத்த மாதம் தந்துவிடுகிறேன்' என்ற பொய் வருங்காலத்தைப் பற்றியது என்பதால் தப்பித்துவிடும்.

இந்த ஓட்டையை அடைத்த சட்டம் இங்கிலாந்துக்கு முன்பே இந்தியாவுக்கு வாய்த்தது. தாமஸ் பாபிங்டன் மெக்காலே 1834 ஜூன் மாதம் சென்னையில் வந்து இறங்கினார். கவர்னர் ஜெனரல் பெண்டிங் அப்போது உதகையில் இருந்ததால் மலையேறி அவரைப் பார்த்துவிட்டுத்தான் கல்கத்தா போனார். அங்கே அவர் தலைமையில் அமைந்த சட்ட ஆணையத்தில் சென்னை மாகாணத்தின் சார்பில் இருந்தவர் மக்லியோட். 1837-இல் வரைவு தயாரானது. பிறகு இருபது வருடத்துக்கு மேல் தூங்கியது. பார்ன்ஸ் பீகாக் முதலியோர் திருத்த, 1860 அக்டோபரில் இந்திய தண்டனைச் சட்டமாக நிறைவேறி, 1862 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தது. மெக்காலே 1859 டிசம்பரிலேயே இறந்துபோனார். வரைவில் 488 பிரிவுகள், நிறைவேறிய சட்டத்தில் 511.

மோசடியை வரையறுப்பது 415-ஆம் பிரிவு. அதன்கீழ் வரும் உதாரணங்களைச் சட்டம் படிக்காதவர்களும் ஒருமுறை படிக்க வேண்டும். ஒன்பது குட்டிக் கதைகள். ஏமாற்றுபவர் பெயர் எப்போதும் 'ஏ', ஏமாறுபவர் பெயர் எப்போதும் 'இசட்'. அரசாங்க உத்தியோகத்தில் இருப்பதாகச் சொல்லிக் கடனுக்குச் சாமான் வாங்குகிறார் ஏ. பிரபலத் தயாரிப்பாளரின் முத்திரையைப் போலியாகக் குத்தி விற்கிறார். பொய் மாதிரி காட்டிச் சரக்கைத் தள்ளிவிடுகிறார். வைரமில்லாததை வைரமென்று அடகு வைக்கிறார். திருப்பித் தரும் எண்ணமே இல்லாமல் கடன் வாங்குகிறார். கடைசிக் கதையில், ஏற்கெனவே ஒருவருக்கு விற்றுவிட்ட நிலத்தை மறைத்து இசட்டுக்கு விற்கிறார். அதைப் படித்தபோது எனக்கு நூற்றறுபது வருடத்துக்கு முந்தைய சட்டப் புத்தகத்தில் சித்தப்பாவைப் பார்த்ததுபோல் இருந்தது. ஒன்பது கதையில் ஒன்றில்கூட இசட் ஏன் விசாரிக்காமல் விட்டார் என்ற கேள்வி கிடையாது. அவரைப் பார்த்துச் சிரிப்பதும் கிடையாது.

இந்தக் கதைகளில் ஏழாவது மிக நுட்பமானது. அவுரிச் செடி தருவதாக முன்பணம் வாங்குகிறார் ஏ. தரும் எண்ணம் முதலிலேயே இல்லாதிருந்தால் அது மோசடி. வாங்கும்போது எண்ணம் இருந்து பிறகு தராமல் போனால் அது ஒப்பந்தத்தை மீறியது மட்டுமே, உரிமையியல் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். திண்ணைப் பெரியவர் பேனாவால் தட்டிக் காட்டியது இந்த வேறுபாட்டைத்தான். உச்ச நீதிமன்றமும் தீர்ப்புக்குத் தீர்ப்பு திரும்பத் திரும்பச் சொல்வது இதையே: வஞ்சக எண்ணம் பரிவர்த்தனையின் தொடக்கத்திலேயே இருந்திருக்க வேண்டும். 2012-இல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழித் திட்டங்கள் சரிந்தபோதும் கேள்வி இதுதான். அவுரி இருந்த இடத்தில் ஈமு. முன்பணம் அதே முன்பணம்.

மனதுக்குள் தொடக்கத்தில் என்ன இருந்தது என்பதை யார் நிரூபிப்பது? 420 வழக்குகள் பாதி இங்கேதான் முட்டிக்கொண்டு நிற்கும். வைப்புத்தொகை வாங்கி ஓடிய நிதி நிறுவனங்களுக்காகவே தமிழ்நாடு 1997-இல் தனிச்சட்டம் இயற்றியது. அதில் எண்ணத்தை ஆராய்வதைவிடச் சொத்தை முடக்கி விற்றுப் பணத்தைப் பிரித்துக் கொடுப்பதற்கே முதலிடம்.

மோசடிக்கு இலக்கணம் சொல்வது 415. அப்படியிருக்க 420 ஏன் பெயர் வாங்கியது? 417-உம் மோசடிக்கான தண்டனைதான், ஒரு வருடம். 419 ஆள்மாறாட்டம், மூன்று வருடம். 420-க்குத் தனியாக ஒரு நிபந்தனை உண்டு. ஏமாந்தவர் தன் பொருளைத் தன் கையாலேயே ஒப்படைத்திருக்க வேண்டும். அப்படி ஒப்படைக்க வைத்தவனுக்கு ஏழு வருடம் வரை சிறை, அபராதம் வேறு. 417 என்றால் நீதிமன்ற உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரிக்கவே முடியாது. 420-இல் பிடியாணை இல்லாமல் கைது செய்யலாம், நாளிதழ்கள் எழுதுவதுபோல 'ஜாமீனில் வெளிவர முடியாத பிரிவு'. கைவிலங்கு சத்தம் எந்த எண்ணோடு வந்ததோ அந்த எண்தான் தெருவின் நினைவில் தங்கியது. 415 வக்கீலுடைய புத்தகத்திலேயே இருந்துவிட்டது.

தன் கையாலேயே ஒப்படைப்பது என்ற அந்த நிபந்தனைதான் எனக்கு இதில் முக்கியமாகப் படுகிறது. திருட்டுக்கும் மோசடிக்கும் நடுவில் இருக்கும் கோடு அது. திருடு கொடுத்தவன் தெருவில் நின்று கத்தலாம், ஊர் கூடும். ஏமாந்தவன் கத்த முடிவதில்லை. நோட்டை எண்ணிக் கொடுத்தது அவன் விரல்தான். தெரு அவனைப் பார்த்துச் சிரிப்பதற்கும் அவன் வெட்கி வீட்டுக்குள் கிடப்பதற்கும் காரணம் ஒன்றே. சட்டம் அந்தக் கொடுத்த கையைப் பார்த்துவிட்டு, கொடுக்கவைத்தவனுக்குத் தண்டனையை ஏற்றுகிறது. தமிழ்க் கொச்சை அதே கையில் அல்வாவை வைக்கிறது.

நீதிமன்ற வராந்தாவும் போலீஸ் நிலையமும் தமிழுக்குக் கொடுத்த சொற்கள் இன்னும் உண்டு. போலீஸ் பதிவேட்டில் அறியப்பட்ட கொள்ளையரைக் குறித்த 'கே.டி.' என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் தெருவுக்கு வந்து கேடியாயின. தமிழில் ஏற்கெனவே இருந்த 'கேடு' பக்கத்திலேயே நின்றதால் அந்நியமாகவே தெரியவில்லை. 'ஐ.பி. குடுத்துட்டான்' என்றால் நொடித்துப்போனதாக நீதிமன்றத்தில் மனுப் போட்டுவிட்டான், கடன்காரர்கள் இனி வாயைப் பொத்திக்கொண்டு போக வேண்டியதுதான். அந்த நோட்டீசின் நிறத்தை வைத்து மஞ்சக் கடுதாசி என்றும் சொல்வார்கள். கொங்குப் பக்கத்து வியாபாரிகளிடம் இந்தச் சொற்களுக்குத் தனி பயமே உண்டு. இங்கேயும் 'குடுத்துட்டான்' என்ற வினைதான் வருகிறது பாருங்கள், வாங்கியவனே கொடுத்தவனாகிவிடுகிறான். எண்களில் 144 பிரபலம். 302 சினிமா வசனத்தில் வரும். ஆனால் கொலை செய்தவனை யாரும் 'அவன் ஒரு த்ரீ நாட் டூ' என்று சொல்லித் திட்டுவதில்லை. ஆளுக்கே பெயராகி வசையாக ஒட்டிக்கொண்ட எண் 420 மட்டும்தான். எண்ணாக இருப்பதில் ஒரு வசதியும் இருக்கிறது. மாப்பிள்ளை பார்க்கப் போன இடத்தில், சம்பந்தி காதில் விழுந்தாலும் பாதகமில்லாத குரலில், 'பையனோட அப்பா ஒரு ஃபோர்ட்வென்டி' என்று சொல்லிவிட்டு வரலாம். கெட்ட வார்த்தை எதுவும் பேசவில்லை, எண்தான் சொன்னோம்.

இந்தியில் அது 'சார் சௌ பீஸ்'. வடக்கே அந்தச் சொல் எவ்வளவு ஊறிப்போயிருந்தது என்பதற்கு ராஜ் கபூரின் 'ஸ்ரீ 420' சாட்சி. 1955-இல் வந்த படம், கதை க்வாஜா அகமது அப்பாஸ். நூறு ரூபாய்க்கு வீடு தருவதாக ஏழைகளிடம் பணம் வசூலிக்கிற மோசடிதான் கதையின் மையம். மனை வாங்கப் போகிறவர்கள் ஒருமுறை பார்த்துவைக்கலாம். படப் பெயரின் குறும்பு முழுக்க அந்த 'ஸ்ரீ'யில் இருக்கிறது. மோசக்காரனுக்குத் திருவாளர் பட்டம். நாற்பத்திரண்டு வருடம் கழித்து, 'அவ்வை சண்முகி'யை இந்தியில் எடுத்த கமல்ஹாசன் அதற்கு வைத்த பெயர் 'சாச்சி 420'. பெண் வேடம் போட்டுப் பிரிந்த மனைவியின் வீட்டுக்குள் நுழையும் ஆள் என்பதால் சட்டப்படி 419-தான் பொருத்தம். ஆள்மாறாட்டத்துக்கான பிரிவு அதுதானே. ஆனால் 'சாச்சி 419' என்றால் யாருக்குப் புரியும்?

நைஜீரியாவில் புரியும். அங்கே மோசடிக்குப் பெயரே 'ஃபோர் ஒன் நைன்'. அந்நாட்டுக் குற்றவியல் சட்டத்தில் பொய் சொல்லிப் பொருள் பெறுவது 419-ஆம் பிரிவு. மெக்காலேயின் சட்டத்துக்கும் அதற்கும் நேர்த் தொடர்பில்லை. அது ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துச் சட்டத்தை ஒட்டி எழுதப்பட்டது. பிரிட்டிஷ்காரர்கள் ஆண்ட இரண்டு வெவ்வேறு கண்டங்களில் தெருக்கள் ஒரே காரியத்தைச் செய்திருக்கின்றன. தங்களை ஏமாற்றியவனுக்குப் பெயர் வைக்க ஆட்சியாளனின் சட்டப் புத்தகத்திலிருந்து ஓர் எண்ணைக் கிழித்து எடுத்துக்கொண்டன. எண்கள் அடுத்தடுத்து அமைந்தது தற்செயல்.

பாகிஸ்தானிலும் வங்காளதேசத்திலும் அதே 420 அப்படியே இருக்கிறது, சட்டம் ஒன்றே என்பதால். 1871-இல் நீரிணைக் குடியேற்றங்களுக்கு எழுதிய சட்டமும் இந்தியச் சட்டத்தின் வார்ப்புதான். அதனால் இன்றும் மலேசியாவில் 420, சிங்கப்பூரிலும் 420. மலேசியாவில் தண்டனை கடுமை: குறைந்தது ஒரு வருடம், கூடினால் பத்து வருடம், அத்துடன் பிரம்படி. கோலாலம்பூர்த் தமிழர் ஒருவர் ஃபோர்ட்வென்டி என்று சொன்னால் அது அவர் நாட்டின் சட்டப்படியும் சரியான எண். யாழ்ப்பாணத்தில் அப்படியில்லை. 1883-ஆம் ஆண்டின் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையும் இந்தியச் சட்டத்தைப் பார்த்து எழுதியதே, ஆனால் எண்வரிசை மாறிவிட்டது. அங்கே இதே குற்றம் 403-ஆம் பிரிவு.

இப்போது பிள்ளைகளிடம் 420 என்றால் வேறு சிரிப்புச் சிரிக்கிறார்கள். அமெரிக்காவிலிருந்து இணையம் வழியாக வந்திறங்கிய பொருள் அது, கஞ்சா. கலிபோர்னியாவின் சட்டப்பிரிவு எண் என்று ஒரு கதை சொல்வார்கள், அது கட்டுக்கதை. 1971-இல் சான் ரஃபேல் ஊர்ப் பள்ளி மாணவர்கள் ஐந்து பேர் மாலை நாலு இருபதுக்குச் சந்தித்துக்கொண்டதிலிருந்து பிறந்த சங்கேதம் அது. நம்முடைய 420-க்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

2024 ஜூலை 1-ஆம் தேதி இந்திய தண்டனைச் சட்டம் விலகி பாரதிய நியாய சன்ஹிதா அமலுக்கு வந்தது. மோசடி இப்போது 318-ஆம் பிரிவில் இருக்கிறது. பழைய 420 அதன் நான்காம் உட்பிரிவாகிவிட்டது. ஏழு வருடத் தண்டனை அப்படியேதான் இருக்கிறது, எண்தான் போய்விட்டது. 302-க்காவது புதிய சட்டத்தில் ஓர் இடம் கிடைத்திருக்கிறது. மத உணர்வைப் புண்படுத்தும் பேச்சுக்கு அந்த எண். 420-க்கு அதுவும் இல்லை. புதிய சட்டம் 358-ஆம் பிரிவோடு முடிந்துவிடுகிறது. 'அவன் ஒரு த்ரீ எய்ட்டீன் ஃபோர்' என்று நாளை யாரும் திட்டப்போவதில்லை. சொல்லிப் பாருங்கள், நாக்குப் புரளாது. ஃபோர்ட்வென்டி வாய்க்கு வாகான எண், சட்டம் செத்தாலும் சொல் கொஞ்ச காலம் ஓடும். ஆனால் புதிய எண்ணோடு வேலைக்கு வரும் இளம் காவலருக்கும் வக்கீலுக்கும் அது வெறும் பழைய வசைதான். ஏமாற்றியவனைச் சுட்டிக்காட்டத் தெருவிடம் இருந்த ஒரே கூர்மையான சொல்லுக்குப் பின்னால் இனி லாக்கப் கதவு இல்லை. நாமத்துக்கும் மொட்டைக்கும் இப்படி எந்த ஆபத்தும் வரவில்லை. அவற்றை எந்த நாடாளுமன்றமும் திருத்த முடியாது.

அதனால் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில், தெருவில் யாராவது ஏமாந்து வந்து நின்றால், "எப்படி ஏமாந்தே?" என்று கேட்பதற்கு முன் "எவன் ஏமாத்தினான்?" என்று கேளுங்கள். சித்தப்பாவிடம் அப்படிக் கேட்டவர் அந்த ஊரிலேயே ஒருவர்தான், திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியவர். எதிரியின் பெயர், தகப்பனார் பெயர், விலாசம் என்று மனுவில் நிரப்ப வேண்டியிருந்ததால் கேட்டார்.

2024 ஜூலைக்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பழைய சட்டமே பொருந்தும். எனவே சித்தப்பாவின் வழக்கு இன்னும் 420-தான். நீதிமன்றத்தில் பெயர் கூப்பிடுவார்கள், கை கூப்பி நிற்பார், தேதி கொடுப்பார்கள். அதற்கு வாய்தா என்று பெயர். அரபியிலிருந்து உருது வழியாகத் தமிழுக்கு வந்த சொல், மூலத்தில் அதற்கு வாக்குறுதி என்று பொருள். அடுத்த வாய்தா செப்டம்பரில்.